உருக்கின் மேற்தோலில் நைதரசன்: உலோகச் சோர்வும் அயன் புகுத்தலும்

பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கடைகளில் முறிந்த ஸ்பிரிங் பட்டையோ பின்சில்லு அச்சோ கிடந்தால், ஒரு தடவை கையில் எடுத்து முறிந்த முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் வழுவழுப்பாக, சற்றுக் கறுத்து, வளைந்த மெல்லிய வரிகளோடு இருக்கும். மற்றப் பக்கம் மணிமணியாகக் கரடுமுரடாக இருக்கும். வழுவழுப்பான பகுதி, வெடிப்பு நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி வந்த இடம். கரடான பகுதி, மிச்சமிருந்த உருக்கு பாரம் தாங்க முடியாமல் ஒரே நொடியில் விட்டுப்போன இடம். வரிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால், எல்லாம் ஒரு சிறு புள்ளியைச் சுற்றியே வளைந்திருப்பது தெரியும். அந்தப் புள்ளி அனேகமாகப் பாகத்தின் மேற்பரப்பில்தான் இருக்கும்.

வெடிப்பு பிறந்த இடம் அது. மின்னேற்றிய அணுக்களை (அயன்களை) வேகமாகப் பாய்ச்சி மேற்தோலுக்குள் செலுத்தும் அயன் புகுத்தல் என்ற தொழில்நுட்பம் உருக்கின் ஆயுளை எப்போது கூட்டும், எப்போது கூட்டாது என்ற கேள்விக்கு விடை அந்தப் புள்ளியிலேயே இருக்கிறது.

முதலில், சோர்வு என்றால் என்ன?

ஒரு தடவை போட்டால் சிரமமில்லாமல் தாங்கும் பாரத்தை, பல இலட்சம் தடவை போட்டு எடுத்தால் அதே உருக்கு தாங்காமல் முறியலாம். இதுதான் உலோகச் சோர்வு. பாரம் பெரிதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. மாறி மாறி வந்தால் போதும்.

கோட்டையிலிருந்து காலிக்குப் போகும் கரையோர ரயிலின் அச்சை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 115 கிலோமீற்றர். சில்லின் விட்டம் 90 சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு பக்கப் பயணத்தில் அச்சு 40,000 தடவைக்கு மேல் சுற்றிவிடும். வண்டியின் பாரத்தால் அச்சு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தே இருக்கிறது. ஆகவே அதன் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழுபடுகிறது, ஒரு தடவை நெரிபடுகிறது. 250 பயணத்தில் இது ஒரு கோடி தடவை ஆகிவிடும்.

இந்தப் பிரச்சினை உலகத்தின் கண்ணில் பட்டதும் ரயில் அச்சால்தான். 1842 மே 8 இல் பிரான்சின் வேர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் ஓர் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல இரும்பு ஓட ஓட உள்ளே படிகமாக மாறிப்போகிறது, அதனால்தான் முறிந்த முகம் மணிமணியாக இருக்கிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். இன்றைக்கும் கராஜ்களில் சில பாஸ்மார் அதையே சொல்வதைக் கேட்கலாம். ஆனால் இரும்பு ஆரம்பத்திலிருந்தே படிகங்களால் ஆனதுதான். ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ரங்கின் 1843 இலேயே வேறு விளக்கம் சொன்னார்: அச்சின் தடிப்பு திடீரென மாறும் மூலையில் வெடிப்பு தொடங்கி, உள்நோக்கிப் படிப்படியாக வளர்கிறது. அடுத்த இரண்டு மூன்று தசாப்தங்களில் ஜேர்மனியரான அவுகுஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எந்த அளவு தகைப்புக்கு, அதாவது குறித்த பரப்பின் மீது விழும் விசைக்கு, எத்தனை சுற்று தாங்கும் என்று அளந்தார். ஓர் எல்லைக்குக் கீழே தகைப்பை வைத்திருந்தால் உருக்கு முறியாமல் மிக நீண்ட காலம் தாங்கும் என்பதும் அவருடைய சோதனைகளில்தான் தெளிவாகியது. சாதாரண உருக்குகளுக்கு, மினுக்கிய மாதிரித் துண்டில், இந்த எல்லை இழுவை வலிமையின் (ஒரே தடவையில் இழுத்து முறிக்கத் தேவையான தகைப்பின்) ஏறத்தாழப் பாதியாக வரும்.

வெடிப்பு எப்படிப் பிறக்கிறது

உருக்குக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அடுக்கு பூரணமானதல்ல. ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுவிடும். இந்த வரிசைப் பிசகுகள் நகரக்கூடியவை. உலோகம் வளைவதென்றால் கோடிக்கணக்கான பிசகுகள் நகர்கின்றன என்றுதான் பொருள். முழுப் பாகமும் வளைந்து கொடுக்காத சிறு தகைப்பிலும், சில படிக மணிகளுக்குள் மட்டும் இவை முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். நாளடைவில் அசைவெல்லாம் சில ஒடுங்கிய பட்டைகளுக்குள் குவிந்துவிடும். இவற்றை வழுக்குப் பட்டைகள் என்போம்.

மேற்பரப்பில் உள்ள மணிகளுக்கு ஒரு பக்கம் அண்டை மணி இல்லை, திறந்த வெளிதான். அதனால் அங்கே பட்டைகள் வெளியே தள்ளிக்கொண்டு வரவும் உள்ளே குழிந்து போகவும் முடியும். தள்ளிய மேடும் குழிந்த பள்ளமும் ஒரு மைக்ரோமீற்றர் அளவுதான், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பள்ளத்தின் அடியில் தகைப்பு குவிகிறது, வெடிப்பு அங்கே பிறக்கிறது. யூயிங், ஹம்பிரி என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1903 இல், மினுக்கிய இரும்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, வழுக்குக் கோடுகள் பட்டையாகத் தடித்து வெடிப்பாக மாறுவதைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை அது. அவர்களுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லை, வரிசைப் பிசகு என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. பொறுமையும் நல்ல கண்ணும் மட்டுமே இருந்தன.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. தகைப்பு குறைவாகவும் சுற்று மிக அதிகமாகவும் உள்ள வேலையில், பாகத்தின் மொத்த ஆயுளில் பெரும்பங்கு இந்தப் பிறப்புக் கட்டத்திலேயே கழிகிறது. வளர்ச்சி அதற்குப் பிறகுதான். ஆகவே பிறப்பைத் தள்ளிப்போட முடிந்தால், பாகத்தின் உடம்பை மாற்றாமலே ஆயுளைக் கூட்டலாம்.

அயனைப் புகுத்துவது எப்படி

இந்தத் தொழில்நுட்பம் முதலில் வளர்ந்தது சிலிக்கன் சிப்புகளுக்காக. குறைகடத்திக்குள் அளந்த அளவு வேற்று அணுக்களைப் புகுத்த அது இன்றைக்கும் அடிப்படை முறை. 1970களில் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் அதை உலோகங்களின் பக்கம் திருப்பினார்கள். முதல் நோக்கம் தேய்மானத்தைக் குறைப்பது. சோர்வு பற்றிய கேள்வி அதன் கூடவே வந்தது.

செய்முறை இதுதான். நைதரசன் வாயுவில் மின்னிறக்கம் உண்டாக்கி அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிடுங்குகிறார்கள், அவை அயன்களாகின்றன. பிறகு ஏறத்தாழ 1,00,000 வோல்ற்று அழுத்தத்தில் அவற்றை முடுக்கி, வெற்றிட அறைக்குள் இருக்கும் உருக்கின்மீது பாய்ச்சுகிறார்கள். அந்த வோல்ற்றில் ஒரு நைதரசன் அயனின் வேகம் நொடிக்கு 1,000 கிலோமீற்றரைத் தாண்டும். அவ்வளவு வேகமாக வந்தும் உருக்குக்குள் 0.1 மைக்ரோமீற்றர் அளவே போய் நின்றுவிடும். போகிற வழியில் நூற்றுக்கணக்கான இரும்பு அணுக்களை இடம்பெயர்த்துவிட்டே நிற்கும்.

ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 இற்குப் பின்னால் 17 பூச்சியம் போடும் எண்ணிக்கையில், அல்லது அதன் சில மடங்கில், அயன்களைப் பாய்ச்சுவது வழக்கம். அந்த மெல்லிய படலத்தில் நூறு அணுவுக்குப் பத்து இருபது நைதரசன் அணு என்ற அளவுக்கு இது கொண்டுபோய்விடும். சாதாரண உருக்கி வார்க்கும் முறையில் இந்தளவு நைதரசனை இரும்புக்குள் கரைக்கவே முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது பூச்சு அல்ல. புறக்கோட்டை வன்பொருள் கடைகளில் பொன்னிறத் துளையூசிகள் தொங்குமல்லவா, அது தைத்தானியம் நைத்திரைட்டு என்ற பூச்சு; ஊசிக்கு மேலே சில மைக்ரோமீற்றர் தடிப்பில் தனிப் படையாக உட்கார்ந்திருக்கும். அயன் புகுத்தலில் மேலே எதுவும் சேர்வதில்லை. உருக்கின் மேற்தோலே மாறுகிறது, ஆகவே உரிந்துபோக ஒன்றுமில்லை. பாகத்தை 200 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்துச் செய்ய முடிவதால், ஏற்கெனவே வெப்பப் பதம் பார்த்து, கடைந்து, மினுக்கி முடித்த பாகத்தின் அளவும் பதமும் கெடுவதில்லை. இந்த முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பது என் கருத்து.

அந்தத் தோலுக்குள் என்ன நடக்கிறது

முதலாவது, நெரிப்பு. இரும்பு அணுக்களுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வெளிகளில் நைதரசன் அணுக்கள் அடைபடுகின்றன. மேற்தோல் விரியப் பார்க்கிறது. கீழேயுள்ள மாறாத உருக்கு அதை விரிய விடுவதில்லை. ஆகவே தோல் எந்நேரமும் பக்கவாட்டில் நெரிபட்ட நிலையிலேயே இருக்கிறது. வேலை முடியும் நேரம் காலி வீதியில் வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். மிதிபலகைவரை ஆட்கள் நெருக்கி நிற்கும்போது இருவருக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டாக வேண்டுமென்றால், முதலில் அந்த நெருக்கம் தளரவேண்டும். உருக்கிலும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் இழுவை, உள்ளேயிருக்கும் நெரிப்பைக் கழித்த பிறகுதான் வெடிப்பைத் திறக்க முடியும்.

இரண்டாவது, வரிசைப் பிசகுகளின் அசைவு தடைப்படுகிறது. நைதரசன் அணுக்கள் பிசகுகளைப் போய்ச் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. சில இடங்களில் இரும்பு நைத்திரைட்டுத் துணிக்கைகளாகப் படிகின்றன. குரோமியம் உள்ள கலப்புருக்கில் குரோமியம் நைத்திரைட்டும் உண்டாகலாம். அசைவு சில பட்டைகளுக்குள் குவியாமல் பரவலாக நடக்கிறது. மேடும் பள்ளமும் பிந்தி வருகின்றன, அல்லது சிறிதாகவே வருகின்றன.

1970களின் கடைசியில் குறைந்த காபன் உருக்கில் நடந்த ஆய்வுகள் இங்கே ஒரு சுவாரசியமான விடயத்தைக் காட்டின. நைதரசனைப் புகுத்தியவுடனே சோதித்தால் பலன் அவ்வளவாக இல்லை. சில மாதம் அறை வெப்பநிலையில் விட்டால், அல்லது 100 பாகைக்கு அண்மையில் சில மணிநேரம் சூடாக்கினால், ஆயுள் தெளிவாகக் கூடியது. காரணம், நைதரசன் அணு மெல்ல மெல்ல நகர்ந்து பிசகுகளிடம் போய்ச் சேரவும் துணிக்கையாகப் படியவும் நேரம் வேண்டும். அயன் வந்து நிற்கும் கணத்தில் வேலை முடிவதில்லை, பிறகும் தொடர்கிறது.

எல்லா அயனும் நல்லது செய்யும் என்றும் இல்லை. ஹீலியத்தை அளவுக்கு மிஞ்சிப் புகுத்தினால் தோலுக்குள் குமிழிகள் சேர்ந்து, மேற்பரப்பு கொப்புளித்து உதிரும். ஐதரசன் வலிமை கூடிய உருக்குகளை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். நைதரசனையும் ஓர் அளவுக்கு மேல் சேர்க்க முடியாது. வந்து மோதும் அயன்களே மேற்பரப்பு அணுக்களைச் சிதறடித்து வெளியேற்றுவதால், சேர்வதும் போவதும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும்.

“ஆயுள் இரட்டிப்பு” என்றால் எவ்வளவு?

இந்தத் துறைச் செய்திகளை வாசிக்கும் பொறியியல் மாணவர்கள், தம்பி தங்கைகள், இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். தகைப்புக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அல்ல, அடுக்குத் தொடர்பு. ஓர் உருக்குக்கு அந்த அடுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஆயுள் தகைப்பின் பத்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். தகைப்பை நூற்றுக்குப் பத்து குறைத்தால் ஆயுள் மூன்று மடங்குக்குக் கிட்ட வரும். மறுபக்கமாகப் பார்த்தால், ஆயுள் இரண்டு மடங்கானது என்ற செய்திக்குப் பின்னால் இருப்பது, தாங்கும் தகைப்பு நூற்றுக்கு 7 கூடியது என்ற மாற்றம் மட்டுமே. அயன் புகுத்தலால் ஆயுள் சில மடங்கு கூடியதாக வரும் முடிவுகள் பொய்யல்ல. ஆனால் அதே பாகத்தில் சில மடங்கு பாரம் ஏற்றலாம் என்று யாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோர்வுச் சோதனையில் ஒரே உருக்கிலிருந்து வெட்டிய துண்டுகளே இரண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தில் முறியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு துண்டைச் சோதித்துவிட்டு இரட்டிப்பு என்று அறிவித்தால், அதில் எவ்வளவு சிகிச்சையால் வந்தது, எவ்வளவு தற்செயலாக வந்தது என்று பிரிக்கவே முடியாது.

பலிக்காத இடங்கள்

வெடிப்பு வேறு இடத்தில் பிறந்தால், அல்லது ஏற்கெனவே பிறந்துவிட்டிருந்தால், 0.1 மைக்ரோமீற்றர் தோலால் ஒன்றும் செய்ய முடியாது. நடைமுறையில் இது பல வடிவத்தில் வருகிறது.

தகைப்பு பெரிதாக இருந்து, சில ஆயிரம் சுற்றிலேயே முறியும் வேலையென்றால், உருக்கு ஒவ்வொரு சுற்றிலும் நிரந்தரமாகவே வளைந்து நிமிர்கிறது. கீழேயிருந்து எழும் வழுக்குப் படிகள் தோலின் தடிப்பைவிட உயரமாக வந்து அதைக் கிழித்துவிடும். வெடிப்பும் ஆரம்பத்திலேயே பிறந்துவிடுவதால் தள்ளிப்போட அதிகம் மிச்சமில்லை. கடைசல் கருவி விட்ட கோடுகள் பல மைக்ரோமீற்றர் ஆழமுள்ள பாகத்திலும் கதை அதுதான். ஆய்வுகூட மாதிரித் துண்டைக் கண்ணாடிப் பளபளப்புக்கு மினுக்கியிருப்பார்கள், அச்சுக் கடைசல் பட்டறையிலிருந்து வரும் பாகம் அப்படி இருக்காது.

மிக வலிமையான உருக்குகளில் இன்னொரு சிக்கல். மேற்பரப்பைப் பலப்படுத்தினால் வெடிப்பு உள்ளே போய்ப் பிறக்கும். உருக்கு வார்க்கும்போதே உள்ளே தங்கிவிட்ட ஒட்சைட்டு அல்லது சல்பைட்டுத் துணிக்கை ஒன்றைச் சுற்றி, கோடிக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு அது தொடங்கும். அப்போது கேள்வி உருக்கின் தூய்மை பற்றியது, தோல் பற்றியதல்ல. பெயாரிங்குகளிலும் இதே தர்க்கம்: உருளை அழுத்தும்போது வெட்டுத் தகைப்பு (உலோகப் படைகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கச் செய்யும் தகைப்பு) உச்சமாவது மேற்பரப்பில் அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே, அந்தக் “கொஞ்சம்” அயன் போகும் ஆழத்தைவிடப் பல மடங்கு. விமான எஞ்சின் பெயாரிங்குகளுக்கான எம்50 என்ற உருக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் குரோமிய அயன்களைப் புகுத்திப் பார்த்தபோது, அவர்கள் தேடியது பிரதானமாக அரிப்பிலிருந்து பாதுகாப்பை.

அரிப்பு என்றதும் நமக்குக் கடல் வந்துவிடுகிறது. கொள்ளுப்பிட்டி முதல் கல்கிசைவரை ரயில் பாதை அலைக்குப் பக்கத்திலேயே போகிறது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் உப்புக் காற்றில் நிற்கின்றன. உப்பு நீர் பட்ட நிலையில், வோலர் கண்ட அந்தப் பாதுகாப்பான எல்லையே சாதாரண உருக்குக்கு இல்லாமல் போகிறது. சுற்றுகள் கூடக் கூட, உருக்கு தாங்கக்கூடிய தகைப்பு குறைந்துகொண்டே வரும். அரிப்புக் குழி ஒன்று பத்து மைக்ரோமீற்றர் ஆழம் போனாலே, அயன் புகுந்த தோலின் தடிப்பைப்போல் நூறு மடங்கு. அந்தக் குழியின் அடியில் வெடிப்பு பிறக்கும்போது, புகுத்திய நைதரசன் எல்லாம் குழியின் வாயோரத்தில்தான் இருக்கும். ஆகவே கரையோர உருக்குக்கு முதல் வைத்தியம் ஒழுங்காகப் பூசிய பெயின்ற், நீர் தேங்காத வடிவமைப்பு, கால ஒழுங்கில் பரிசோதனை. இவை இல்லாத இடத்தில் நவீன மேற்பரப்புச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது வீண் செலவு.

பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டைக்கும் இது ஏற்ற வழியல்ல. அதற்கு எப்போதோ நல்ல முறை இருக்கிறது: சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பை நெரிபட வைப்பது. அதே நெரிப்புத் தகைப்பு, ஆனால் ஒரு மில்லிமீற்றரில் சில பத்திலொரு பங்கு ஆழம்வரை. செலவும் மிகக் குறைவு. பற்சில்லுகளுக்கும் கிராங்க் தண்டுகளுக்கும் 500 பாகைக்கு மேல் நைதரசன் ஊட்டும் பழைய முறையும் அதேயளவு ஆழம் போகும். மேற்பரப்பில் கீறல் விழுந்தாலும் இவை தாங்கும்.

அப்படியானால் அயன் புகுத்தலின் இடம் எது? சூடாக்க முடியாத, அளவு மாறக் கூடாத, ஏற்கெனவே மினுக்கி முடித்த, விலை கூடிய சிறு பாகங்கள். இறுக்கிப் பொருத்திய இரு பாகங்கள் அதிர்வால் மயிரிழை அளவு உரசிக்கொள்ளும் இடங்களிலும் அது கைகொடுக்கும்; அங்கே வெடிப்பைப் பிறப்பிப்பது மேற்பரப்பு உரசல்தான். செயற்கை இடுப்பு மூட்டுகளின் தைத்தானியக் கலப்புலோகத்துக்கும் கோபால்ற்றுக் கலப்புலோகத்துக்கும் நைதரசன் புகுத்துவது 1980களிலிருந்து வணிக ரீதியாகவே நடந்திருக்கிறது, தேய்மானத்தைக் குறைக்க.

அயன் கற்றை நேர்கோட்டில் போவதால் திருகுப் புரியின் அடியையும் துளைகளின் உட்சுவரையும் அது சரியாக எட்டாது என்ற குறை நீண்ட நாளாக இருந்தது. சோர்வு வெடிப்பு விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடங்களும் அவைதான். 1980களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கொன்ராட் வேறு வழி காட்டினார்: பாகத்தை நைதரசன் பிளாஸ்மாவுக்குள்ளேயே (அயன்களும் இலத்திரன்களும் கலந்த வாயுவுக்குள்ளேயே) வைத்து, பாகத்துக்கே பல்லாயிரம் வோல்ற்று எதிர் மின்னழுத்தத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுப்பது. அயன்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பாயும். மிக ஒடுங்கிய துளைகள் இப்போதும் சிக்கல்தான், ஆனால் வளைந்த பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கவேண்டியதில்லை.

கறைபடா உருக்கில் இன்னும் ஒரு படி போகலாம். பாகத்தை 400 பாகைக்கு அண்மையில் வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் அதிக எண்ணிக்கையான நைதரசன் அயன்களைப் பாய்ச்சினால், அவை உள்நோக்கிப் பரவி, பல மைக்ரோமீற்றர் தடிப்பில் நைதரசன் நிறைந்த, விரிந்த படிக அமைப்புள்ள கடினமான படலம் உண்டாகும். அரிப்பைத் தாங்கும் திறனும் குறையாது. ஆனால் 450 பாகையைத் தாண்டினால் குரோமியம் நைதரசனோடு சேர்ந்து நைத்திரைட்டாகப் படியத் தொடங்கும். உருக்கைக் கறைபடாமல் காப்பதற்குக் குரோமியம் மிஞ்சாது. வெள்ளவத்தைக் கரையில் நிற்கப்போகும் ஒரு பாகத்துக்கு இந்தச் சிகிச்சையைக் கேட்பவர், எத்தனை மடங்கு ஆயுள் என்று கேட்பதற்கு முன் எத்தனை பாகையில் செய்தீர்கள் என்று கேட்கவேண்டும்.